எந்த லக்ஷ்மி?

ஆஸ்பத்திரிகளுக்குச் சாப்ட்வேர் தயாரிக்கும் கம்பெனியில் எனக்கு உத்தியோகம் என்று சொன்னால், எதிர் வீட்டு மாமி, "அப்படியா? எனக்குக் கொஞ்சம் பிரஷர் பார்த்துச் சொல்லேன்!" என்று கையை நீட்டுகிறார். பிரஷர் பார்க்க எனக்குத் தெரியாது. ஒரு டாக்டர் பார்த்து எழுதியது, நாளைக்கு இன்னொரு டாக்டர் தேடும்போது கம்ப்யூட்டரில் அகப்பட வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று ஒதுக்கிவிடாதீர்கள், சகோதரிகளே! அமெரிக்காவில் பல பெரிய ஆஸ்பத்திரிகளின் குறிப்புகளைச் சுமப்பது எபிக் என்ற கம்பெனியின் சாப்ட்வேர். 1979-ல் விஸ்கான்ஸின் மாகாணத்து மாடிஸன் நகரில், ஒரு கட்டடத்தின் நிலவறையில் அதை ஆரம்பித்தவர் ஜூடித் ஃபாக்னர் என்ற பெண்மணி. எங்கள் சென்னைக் கம்பெனி அத்தனை பெரிதல்ல. ஆனால் நம் ஊருக்கே உரிய தலைவலி ஒன்று எங்களுக்கு உண்டு. அதுதான் இனிஷியல்!

பிறந்த வீட்டில் ஆர். லக்ஷ்மி. கழுத்தில் தாலி ஏறியதும் கே. லக்ஷ்மி. ஆதார் கார்டில் லட்சுமி கிருஷ்ணன். கன்னிப் பெண்ணாக வந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு குறிப்பு. பிரசவத்துக்கு வந்தபோது இன்னொன்று. மனுஷி ஒருத்தி; கம்ப்யூட்டருக்கோ இரண்டு பேர். இதனால் என்ன குடி முழுகிவிடும் என்கிறீர்களா? கேளுங்கள்.

ஒரு ஜில்லாத் தலைநகரில் நடுத்தர ஆஸ்பத்திரி ஒன்று கம்ப்யூட்டருக்கு மாறிய இரவு, நானும் எங்கள் ஆபீஸ் பையன்கள் இரண்டு பேரும் அங்கே இருந்தோம். பழைய கேஸ் ஷீட்டுகளில் முக்கியமானவற்றை முன்பே ஏற்றியிருந்தோம். விடிய விடியக் காபி, "மேடம், ஸ்கிரீன் நின்னுபோச்சு!" என்று குரல் வந்தால் ஓட்டம். தலைமை நர்ஸ், முப்பது வருஷ சர்வீஸ், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, பேரும் பிறந்த தேதியும் போன் நம்பரும் கேக்குது உன் பெட்டி. பொம்பளைங்களுக்கு அது போதுமா? பொறந்த வீட்டு இனிஷியலைக் கேக்க வேணாமா?"

பொறியியல் படித்த எங்கள் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேள்வி இரண்டே வாரத்தில் சேர்ந்தது. ஆனால் இரண்டு குறிப்புகளைத் தானே ஒட்டிவிடக் கம்ப்யூட்டருக்கு உத்தரவு கிடையாது. ஒரு லக்ஷ்மியின் ரத்த வகை இன்னொரு லக்ஷ்மியின் கணக்கில் ஏறிவிட்டால் ஆபத்து அல்லவா? "இவர்தானோ?" என்று அது காட்டும், மனிதர் விசாரித்துத்தான் ஒட்ட வேண்டும். 2021-ல் நாடு முழுதும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் 14 இலக்க எண் பெற்றுக்கொள்ளலாம். இனிஷியல் மாறினாலும் அது மாறாது. இல்லாதவர்களுக்கு நர்ஸம்மாவின் கேள்விதான் துணை.

சில மாதம் கழித்து, தொண்டை வலியும் ஜுரமுமாக ஒரு பெண் வந்தாள். புதுச் சீட்டுப் போடும்போது அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். பழைய குறிப்பு எழுந்து வந்தது. பல வருஷம் முன்பு பென்ஸிலின் ஊசி போட்டதும் முகம் வீங்கி மூச்சுத் திணறியதாம்! டாக்டர் பதிந்த மருந்து அமாக்ஸிஸிலின். பெயர்தான் வேறு; அதுவும் பென்ஸிலின் குடும்பம். திரையில் சிவப்பாக எச்சரிக்கை வந்தது. டாக்டர் வேறு மருந்து எழுதினார். அவள் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

டாக்டர் அதைப் படித்தாரே, அதுவே பெரிய விஷயம். எதற்கெடுத்தாலும் கம்ப்யூட்டர் எச்சரித்தால், மாமியார் ஓயாமல் சொல்வது மருமகள் காதில் ஏறாததுபோல, படிக்காமலே தள்ளிவிடுவார்கள். எந்த எச்சரிக்கையை வைப்பது, எதை எடுப்பது என்று எங்கள் ஆபீஸில் நடக்கும் சண்டையைத் தனிக் கதையாகவே எழுதலாம்.

வருஷாந்தரக் கூட்டத்தில் வாடிக்கையாளர் வெற்றிகளைப் படம் போட்டுக் காட்டினார்கள். அந்த ஆஸ்பத்திரியின் பெயரும் வந்தது. டிஸ்சார்ஜ் பில் சீக்கிரம் தயாராகிறதாம், ஒரே கைதட்டல். பில்லுக்காகக் காத்துக் கிடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும், நானும் தட்டினேன். ஆனால் வராமல் போன வீக்கத்தை எந்தக் கணக்கில் வரவு வைப்பது? லக்ஷ்மிக்கு அங்கே இடமில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். நர்ஸம்மா சீட்டுக் கொடுக்கும் இடத்திலேயே நின்று ஒரு பாட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொறந்த வீட்டு இனிஷியல் என்னம்மா?"

"அது எதுக்குடி இப்போ? அது போயி அம்பது வருஷமாச்சே!" என்றாள் பாட்டி. பிறகு, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்.