ரோட்டுக்குன்னு ஒரு கட்சி

தேர்தல் வந்தால் குமரி மாவட்டத்தில் எல்லா வேட்பாளரும் தவறாமல் சொல்லும் வார்த்தை "ரோடு". களியக்காவிளையில் இருந்து நாகர்கோவில் வருகிறவன் லேட்டானால் காரணம் கேட்கவே வேண்டாம், "மார்த்தாண்டத்துல மாட்டிட்டேன்" என்பான். சரி மக்களே, அந்த ஒரு விஷயத்துக்காகவே ஒரு கட்சி ஆரம்பித்தால் என்ன? சிரிக்காதீங்க. அப்படிப்பட்ட கட்சிகள் பார்லிமெண்ட் வரைக்கும் போயிருக்கின்றன.

முதல் கதை சுவிட்சர்லாந்து. வாகனப் புகையால் காடுகள் சாகின்றன என்று 1980-களில் அங்கே பெரிய பயம். 1985 ஆரம்பத்தில் ஊருக்கு வெளியே வேக வரம்பை மணிக்கு 80 கிலோமீட்டராகவும், பெரிய நெடுஞ்சாலைகளில் 120 ஆகவும் குறைத்தார்கள். அதே வருஷம் நெடுஞ்சாலையில் போக 30 பிராங்க் ஸ்டிக்கர் வேறு. கடுப்பான கார்க்காரர்கள் அந்த வருஷமே "ஆட்டோ கட்சி" தொடங்கினார்கள். (அங்கே ஆட்டோ என்றால் கார், நம்ம மூணு சக்கரம் இல்லை :-)) 200 பேர் கொண்ட சபையில் 1987-ல் 2 இடம், 1991-ல் 8 இடம்!

ஆனால் காரை மட்டும் வைத்துக் கட்சியை ரொம்ப தூரம் ஓட்ட முடியவில்லை. வரி எதிர்ப்பு, வெளிநாட்டுக்காரர் எதிர்ப்பு என்று திசை மாறியது. 1994-ல் "சுதந்திரக் கட்சி" என்று பெயரையே மாற்றினார்கள். 1999 தேர்தலில் ஒரு இடம்கூட இல்லை.

அடுத்தது ஆஸ்திரேலியா. 2013-ல் "மோட்டாரிங் என்தூசியஸ்ட் பார்ட்டி" என்ற குட்டிக் கட்சியின் சார்பில் ரிக்கி மூயர் விக்டோரியா மாநிலத்தில் செனட்டுக்கு நின்றார். மர அறுவை ஆலையில் வேலை பார்த்தவர். கிடைத்த முதல் விருப்ப ஓட்டு வெறும் 0.51 சதவீதம். ஆனாலும் ஜெயித்தார்! தோற்ற சின்னக் கட்சிகளின் ஓட்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறி வரும்படி முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். அந்த முறைக்கு சட்டம் இடம் கொடுத்தது. முதலில் டிவி பேட்டியில் திணறியவரைப் பார்த்து நாடே கேலி செய்தது. போகப் போக நிதானமாகப் பேசி, யோசித்து ஓட்டுப் போட்டு மரியாதையும் வாங்கினார். 2016-ல் ஓட்டு கைமாறும் முறையை மாற்றினார்கள். அந்த வருஷத் தேர்தலில் அவரும் தோற்றார், அடுத்த வருஷம் கட்சியின் பதிவும் போனது.

இரண்டு கட்சியையும் தூக்கி விட்டது அந்த ஊர் தேர்தல் முறை. சதவீதத்துக்கு ஏற்ற இடம் அல்லது கைமாறும் ஓட்டு. நம்ம நாட்டில் அது கிடையாது. தொகுதியில் ஒரு ஓட்டு கூட வாங்கினவர்தான் எம்.எல்.ஏ., 5 சதவீதம் வாங்கினவர் டெபாசிட்டை விட்டுட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தமிழ்நாட்டில் இதற்கு உதாரணம் டிராபிக் ராமசாமி. சென்னை பாரிமுனையில் தானாகவே போக்குவரத்தை ஒழுங்குபடுத்தி அந்தப் பெயரை வாங்கியவர். நடைபாதையை அடைத்து வைக்கும் பேனர்களை எதிர்த்து கோர்ட் படியேறிக்கொண்டே இருந்தவர். 2015-ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் ஜெயலலிதாவை எதிர்த்து சுயேச்சையாக நின்றார். டெபாசிட் போச்சு. 2021-ல் காலமானார். அவருக்கு சபாஷ் போட்டவர்கள் லட்சக்கணக்கில் இருக்கலாம், ஆனால் ஓட்டு வேறு காரணத்துக்காக வேறு இடத்தில் விழுந்தது.

குமரியிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. கன்னியாகுமரி எம்.பி.யாக இருந்த பொன். ராதாகிருஷ்ணன் 2014 முதல் 2017 வரை மத்திய சாலைப் போக்குவரத்து இணை அமைச்சர். ரோட்டுக்கு இதைவிட நெருக்கமான ஆள் கிடைக்குமா? மார்த்தாண்டத்தில் சுமார் இரண்டரை கிலோமீட்டர் இரும்பு மேம்பாலம், பார்வதிபுரத்தில் இன்னொன்று என்று 2018 கடைசியில் திறந்தும் விட்டார்கள். 2019 தேர்தலில் அவர் இரண்டரை லட்சம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் எச். வசந்தகுமாரிடம் தோற்றார். 2017 ஒக்கிப் புயல், துறைமுகத் திட்டத்துக்கு எதிரான போராட்டம் எல்லாம் அந்தத் தேர்தலில் இருந்தன. மேம்பாலத்தில் ஏறிப் போனவன் அந்த நன்றியை ஓட்டுப் பெட்டிவரை கொண்டுபோகவில்லை.

அப்படியானால் ஒற்றைக் கோரிக்கைக் கட்சி இங்கே எடுபடாதா? எடுபட்டிருக்கிறது. இதே மண்ணில்தான்! மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு ஒரே கோரிக்கை: தமிழ்ப் பகுதிகள் தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும். 1954 தேர்தலில் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபையில் 12 இடம் பிடித்தது. அந்த வருஷம் ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு சேர்ந்து குமரி மாவட்டம் பிறந்தது. கட்சியின் வேலையும் முடிந்தது.

அந்தக் கோரிக்கைக்கு ஒரு எல்லை இருந்தது. அதற்குள் இருந்தவர்களின் ஓட்டு ஒரே பக்கம் குவிந்தது. ரோட்டில் அப்படி இல்லை. விடியும் முன்னே ரப்பர் வெட்டப் போகும் பைக்காரர், கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிக்காரர், பள்ளிக்கூட வாசலில் ரோட்டைத் தாண்டக் காத்து நிற்கும் பிள்ளை... எல்லாரும் ரோட்டுக்காரர்தான். லாரிக்காரர் கேட்பது வேகம். பிள்ளைக்கு வேண்டியது அந்த லாரி மெதுவாகப் போவது. சுவிஸ் கட்சி கார்க்காரர் பக்கம் மட்டும் நின்றது. இங்கே ஒரு கட்சி வந்தால் யார் பக்கம் நிற்கும்?

இதை விளையாட்டாக விட முடியாது. 2022-ல் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் செத்தவர்கள் 17,884 பேர். உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். நாடு முழுக்கப் பார்த்தால் செத்தவர்களில் முதலிடம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், அடுத்தது நடந்து போனவர்கள். இவர்களுக்குச் சங்கமும் இல்லை, சின்னமும் இல்லை.

இவர்களுக்காக நடந்த சில நல்ல காரியங்களும் ஓட்டால் வரவில்லை. நெடுஞ்சாலை ஓர மதுக்கடைகளை எடுத்தே ஆக வேண்டும் என்று பா.ம.க.வின் வழக்கறிஞர் கே. பாலு வழக்கு நடத்தினார். 2016 டிசம்பர் 15-ல் சுப்ரீம் கோர்ட், 500 மீட்டருக்குள் கடை கூடாது என்றது. அடுத்த வருஷம் சின்ன ஊர்களுக்கு அது 220 மீட்டராகக் குறைந்தது வேறு விஷயம். பேனர் வழக்குகளும் கோர்ட்டில்தான் நகர்ந்தன.

ஆக, ரோட்டுக் கட்சி இங்கே ஜெயிக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஆனால் குமரியில் ஆறு சட்டமன்றத் தொகுதி இருக்கிறது. "எத்தனை மேம்பாலம்?" என்பதற்குப் பதில் "உங்க தொகுதி ரோட்டில் போன வருஷம் எத்தனை பேர் செத்தாங்க, எந்த எந்த இடத்தில்?" என்று ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரிடம் கேட்கலாம். அதற்குக் கட்சியும் வேண்டாம், டெபாசிட்டும் கட்ட வேண்டாம். அடுத்த முறை ஜீப்பில் கும்பிட்டபடி வருகிறவரை நிறுத்திக் கேட்டுப் பாருங்க, என்ன பதில் வருதுன்னு பார்ப்போம்!