கூட இருக்கிறவர்கள்

பிரசவ வலி தொடங்கியதிலிருந்து குழந்தை பிறக்கும்வரை தாயின் பக்கத்திலேயே இருப்பதுதான் டூலாவின் வேலை. மருத்துவம் பார்க்க மாட்டார். எங்கள் கோலார் தங்கவயல் (கே.ஜி.எஃப்.) சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் இதைப் பக்கத்து வீட்டு அக்காக்களும் ஆயாக்களும் சும்மாவே செய்தார்கள். புருஷன் சுரங்கத்துக்குள் நைட் ஷிப்டில் இருப்பார். ஒரு சுவர் தள்ளி அலறல் கேட்டால் யாருக்குத் தூக்கம் வரும்? 2001 பிப்ரவரி 28-இல் மைன்ஸ் மூடியது. மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ஊரானோம். அந்த அக்காக்களும் சிதறிவிட்டார்கள்.

இப்போது பெங்களூரில் பயிற்சி பெற்று, கட்டணம் வாங்கும் டூலாக்கள் இருக்கிறார்கள். ஏன் இந்த வேலைக்கு வருகிறார்கள்? சேவை மனசு என்று சொல்லி முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பாதிப் பேருக்குக் காரணம் கோபம். தன் பிரசவத்தில் கத்தாதே என்று அதட்டப்பட்டவள், இன்னொருத்திக்கு அது நடக்கக் கூடாது என்று வருகிறாள். மீதிப் பேர் பார்த்தே பழகியவர்கள். கர்நாடகத்துப் பாவகடாவின் சூலகித்தி நரசம்மா தன் பாட்டியிடம் கற்றுக்கொண்டு, 15,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களைக் காசு வாங்காமல் பார்த்தார். 2018-இல் பத்மஸ்ரீ; அந்த டிசம்பரிலேயே காலமானார். அவர் மருத்துவச்சி, டூலா இல்லை. ஆனால் அவரையும் இவர்களையும் இழுத்த கயிறு ஒன்றுதான்.

வெறுமனே கூட இருப்பதற்கும் பலன் உண்டு. குவாத்தமாலாவில் நடந்து 1980-இல் வெளியான ஆய்வில், முன்பின் தெரியாத ஒரு பெண் கூட இருந்ததற்கே பிரசவ நேரம் குறைந்தது.

அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு 2016-இலேயே மத்திய அரசு அனுமதி கொடுத்துவிட்டது. வளைகாப்புக்குப் புடவை எடுக்கும்போதே, உள்ளே யார் கூட வருவது என்பதையும் பேசி முடிவு பண்ணிவிடுங்கள்.