அப்பாவின் காரை ஓர் அங்குலம் உயர்த்திய கதை

உங்கள் வீட்டிலும் பழைய கார் ஒன்று தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறதா? அதைத் தோட்டத்து மண் சாலையில் ஓட்டுவதற்காக உயர்த்தலாம் என்ற எண்ணம் உண்டா? அப்படியானால் பட்டறைக்குப் போகுமுன் என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் நிற்பது 1965-ஆம் ஆண்டு வோக்ஸ்வேகன். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் அப்பா கிராணியாக இருந்தபோது வாங்கியது. அவரை அந்தத் தோட்டத்து இடுகாட்டில்தான் அடக்கம் செய்தோம். ஆண்டுதோறும் அவருடைய நினைவு நாளில் அம்மா அங்கே போயாக வேண்டும். அதுவும் அந்தக் காரில்தான். தம்பியிடம் உயரமான நான்கு சக்கர வண்டி இருக்கிறது. ஆனால் எண்பத்திரண்டு வயதில் அதில் காலைத் தூக்கி வைத்து ஏற அம்மாவால் முடியவில்லை.

தார்ச் சடக்கு தோட்டத்து வாசலோடு முடிந்துவிடும். அப்புறம் செம்மண் பாதை. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்த பிறகு, குலை ஏற்றும் லாரிகள் அந்தப் பாதையை இரண்டு பள்ளமும் நடுவில் ஒரு மேடுமாக ஆக்கிவிட்டன. போன ஆண்டு அந்த மேட்டில் காரின் வயிறு உட்கார்ந்துவிட்டது. பின் சக்கரங்கள் சும்மா சுழன்றன. அம்மா இறங்கி, கைத்தடியை ஊன்றிக்கொண்டு மீதித் தூரத்தை நடந்தே வந்தார். திரும்பும்போது, "அடுத்த வருசம் நீ மட்டும் போய்ட்டு வா தம்பி" என்றார். அந்த வார்த்தை என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

அவசரத்தில் ஒரு பட்டறையில் காரை விட்டு, "பின்னால் தூக்கிக் கொடுங்கள்" என்றேன். எவ்வளவு என்று நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கார் இரண்டு அங்குலத்துக்கு மேல் எழும்பி வந்தது. பார்க்கச் சேவல் மாதிரி கம்பீரமாக இருந்தது. மறுவாரம் அம்மாவைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, மழை ஈரத்தில் ஒரு வளைவில் திரும்பினேன். பின்பக்கம் சட்டென்று எம்பி வழுக்கியது. கார் கால்வாய் ஓரத்தில் போய் நின்றது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முன்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் பழைய வோக்ஸ்வேகன்களோடு காலம் தள்ளிய ஒரு வயதான சீனப் போமனிடம் போனேன். தவுக்கே குனிந்து ஒருமுறை பார்த்தார். "சக்கரம் நிற்கிற அழகைப் பார்" என்றார். பின் சக்கரங்களின் மேல்பக்கம் வெளியே சாய்ந்து, கீழ்ப்பக்கம் உள்ளே ஒடுங்கியிருந்தது. இந்தக் காரின் பின் அச்சு கியர்பெட்டி ஓரத்தில் மட்டும்தான் மடங்கும். உடம்பைத் தூக்கினால் அச்சு வெளிப்புறமாகச் சரியும். சக்கரமும் அதோடு சாயும். டயரின் வெளி ஓரம் தேயும். வளைவில் அந்தச் சக்கரம் இன்னும் உள்ளே மடங்கினால் கார் கவிழவும் கூடும். அப்சோபரும் நீள வேண்டிய அளவு நீண்டுவிடுவதால், பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க இடம் இருக்காது. அதாவது, எந்தப் பாதைக்காக உயர்த்தினேனோ அந்தப் பாதைக்கே கார் உதவாமல் போயிருந்தது!

இந்தக் காரில் சுருள் வில்லோ பட்டை வில்லோ கிடையாது. 1931-இல் பெர்டினாண்ட் போர்ஷே காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறுக்குத் தண்டுதான் பின்பாரத்தைத் தாங்குகிறது. குறுக்கே படுத்திருக்கும் அந்தத் தண்டின் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44 பற்கள். உள்ளே ஒரு பல் நகர்த்தினால் 9 பாகை திரும்பும். வெளியே ஒரு பல் என்றால் 8 பாகை 10 கலை. அந்தப் பட்டறையில் வெளிப்பல் ஒன்றை மட்டும் நகர்த்திவிட்டார்கள். இரண்டு அங்குலம் எப்படி வந்தது என்று இப்போது புரிகிறதா? உள்ளே ஒரு பல் ஒருபக்கமும், வெளியே ஒரு பல் எதிர்ப்பக்கமும் நகர்த்தினால் மிஞ்சுவது 50 கலைதான், ஒரு பாகைகூட இல்லை. உயரத்தில் ஏறக்குறைய கால் அங்குலம். யாருக்குத்தான் இப்படி யோசிக்கத் தோன்றியதோ!

தவுக்கே முதலில் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். சமதரையில் நிறுத்தி அளந்தார். வலப்பக்கம் அரை அங்குலம் தாழ்ந்திருந்தது. "அது அவர் உட்கார்ந்து ஓட்டின பக்கம்" என்றார் அம்மா, நாற்காலியில் இருந்தபடியே. தவுக்கே சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். இடப்பக்கம் மூன்று கால் அங்குலம், வலப்பக்கம் நான்கு. அதற்குமேல் ஏற்ற மறுத்துவிட்டார். மீதிக்குச் சற்றே பெரிய, கட்டை கட்டையாகப் பூ வெட்டிய டயர் போட்டார். டயரின் விட்டம் ஓர் அங்குலம் கூடினால் கார் அரை அங்குலம் உயரும், அச்சு சாயாது. அதற்கும் விலை உண்டு. வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும், மேட்டில் இஞ்சின் கொஞ்சம் திணறும். முன்பக்கத்தை அவர் தொடவில்லை. அதை உயர்த்தக் குழாயை வெட்டி ஒட்ட வேண்டுமாம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கையில் சாவி இருக்கிறது என்று வீட்டு வாசலில் இந்த வேலையை ஆரம்பித்துவிடாதீர்கள். தண்டின் நுனியில் பொருந்தியிருக்கும் இரும்புத் தகடு, கார் ஜாக்கியில் நிற்கும்போதும் முறுக்கோடுதான் இருக்கும். தாங்கும் விளிம்பைவிட்டு அது நழுவும் நேரத்தில் கை அங்கே இருந்தால் எலும்பு மிஞ்சாது. தவுக்கேயே சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுத்தான் அதை நெம்பினார்.

இந்த ஆண்டு நினைவு நாளன்று போனோம். பள்ளத்தில் இறங்காமல், ஒரு சக்கரத்தை நடுமேட்டிலும் மற்றதைப் பாதையோரத்திலும் வைத்து மெதுவாக ஓட்டினேன். இரண்டு இடத்தில் புல் அடிவயிற்றை உரசியது, அவ்வளவுதான். இடுகாட்டு வாசல்வரை கார் போயிற்று. அம்மா இறங்கினார். பூக்கூடையை என்னிடம் கொடுத்துவிட்டுக் காரின் பின்னால் போய் நின்று பார்த்தார்.

"வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் தாழ்வாத்தான் இருக்கு" என்றார்.

"கால் அங்குலம்மா. சரி செய்யச் சொல்லட்டுமா?"

"வேண்டாம், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கைத்தடியை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.