மெலித்தா தீவுக்குப் போகத் திட்டமிடுகிறவர்களுக்கு



பிள்ளைகளின் கோடை விடுமுறைக்குச் சொந்த ஊருக்குப் போய்வருவதுதான் ஒரு காலத்தில் நம்முடைய குடும்பங்களின் ஒரே பிரயாணமாய் இருந்தது. இன்று மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம் விசுவாசக் குடும்பங்களில் பலர், வருஷக்கணக்காய்ச் சேமித்து வெளிநாடு ஒன்றைப் பார்த்துவர விரும்புகிறார்கள். "வேதாகமத்தில் வரும் இடமாகவும் இருக்கவேண்டும், பிள்ளைகளுக்குக் கடலும் வேண்டும், எங்கே போகலாம்?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், மால்டா என்பதே. அப்போஸ்தலருடைய நடபடிகள் 28ஆம் அதிகாரத்தில் மெலித்தா என்று நீங்கள் வாசிக்கும் தீவு அதுதான் என்பது தொன்றுதொட்டு வரும் நம்பிக்கை.

இத்தாலியின் தெற்கே சிசிலித் தீவு, அதற்கும் தெற்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டரில் மால்டா. மால்டா, கோசோ, கொமினோ என்னும் மூன்று தீவுகளும் சேர்ந்தே மொத்தம் 316 சதுர கிலோமீட்டர்தான். ஐந்து லட்சத்துக்கும் அதிகமான ஜனங்கள் நெருக்கமாய் வாழ்கிறார்கள். நதி என்று சொல்ல ஒன்றும் இல்லை. குடிநீரில் பெரும்பகுதி கடல்நீரைச் சுத்திகரித்தே பெறப்படுகிறது. 1964ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. 2004ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2008 முதல் யூரோ நாணயம் வழங்கிவருகிறது. ஆங்கிலமும் ஆட்சிமொழி என்பதால் உங்களுக்குப் பேச்சுக் கஷ்டம் இராது. வாகனங்களும் நம் நாட்டைப் போலவே இடப்பக்கம் ஓடுகின்றன.

காலத்தை அறிந்து புறப்படுங்கள்

நடபடிகள் 27ஆம் அதிகாரத்தை வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஒருமுறை வாசித்துவிட்டுத் திட்டமிடத் தொடங்குங்கள். உபவாச நாள் கடந்துபோனபின் கடற்பிரயாணம் ஆபத்தானது என்று பவுல் எச்சரித்தார். அந்த உபவாசம் யூதருடைய பாவநிவாரண நாள். அது செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். அதற்குப்பின் மத்தியதரைக் கடலில் கப்பல் ஓட்டுவதை அக்காலத்து மாலுமிகள் தவிர்த்தார்கள். ஆனால் நூற்றுக்கு அதிபதியோ பவுலின் சொல்லைவிட மாலுமியையும் கப்பல் எஜமானையும் அதிகமாய் நம்பினான். இருந்த துறைமுகம் மழைகாலத்தில் தங்க வசதியற்றது என்பதே அவர்கள் சொன்ன காரணம். வசதி தேடிப் புறப்பட்டவர்கள் பதினான்கு நாள் சூரியனையும் நட்சத்திரத்தையும் காணாமல் அலைந்தார்கள்.

வேதம் யூரோக்கிலிதோன் என்று சொல்லும் அந்த வடகிழக்குக் கடுங்காற்றை மால்டா மக்கள் இன்றும் கிரிகால் என்று பெயர் சொல்லி அறிவார்கள். குளிர்காலத்தில் அது வீசினால் தீவுகளுக்கிடையே ஓடும் படகுகளும் நிறுத்தப்படுவதுண்டு. ஆகையால் ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை, அல்லது செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் உங்களுக்கு ஏற்றவை. ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெயில் கொடியது, கூட்டமும் மிகுதி. பவுலின் கப்பற்சேதத்தை நினைவுகூரும் பண்டிகை பிப்ரவரி 10ஆம் தேதி. அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் மழைக்கும் குளிருக்கும் ஆயத்தமாய்ப் போகவேண்டும். தீவார் பவுலுக்கு நெருப்பு மூட்டியதும் மழைக்காகவும் குளிருக்காகவும்தானே!

செலவைக் கணக்குப் பாருங்கள்

கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலாவது உட்கார்ந்து கணக்குப் பார்க்கவேண்டும் என்று நம் ஆண்டவர் போதித்திருக்கிறார். விடுமுறைக்கும் அது பொருந்தும்.

மால்டாவுக்குத் தேவையானது ஷெங்கன் விசா. பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை பதினைந்து நாள். கோடைக்கு முன் விண்ணப்பங்கள் குவிவதால் மூன்று மாதத்துக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது. 2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 45 யூரோ, அதற்கும் கீழ்ப்பட்டோருக்கு இல்லை. தகப்பன், தாய், பத்து வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள் என்றால் கட்டணம் மாத்திரம் 270 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு வேறு. விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பி வராது. ஆகவே ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையிலேயே விமானச் சீட்டையும் தங்கும் அறையையும் முன்பதிவு செய்யுங்கள். குறைந்தபட்சம் 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கான பயணக் காப்பீடு கட்டாயம். பாஸ்போர்ட் நீங்கள் திரும்பும் நாளுக்குப்பின் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும்; பத்து வருஷத்துக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்கவேண்டும்.

விசா அதிகாரி உங்கள் வங்கிக் கணக்கைப் பார்ப்பார். சிலர் கடன் வாங்கிச் சில நாள் கணக்கில் போட்டுக் காட்டுகிறார்கள். விசுவாசிகளுக்கு இது தகாது. இல்லாததை இருப்பதாகக் காட்டிப் போகும் பயணத்தில் சமாதானம் எப்படி இருக்கும்? விடுமுறைக்காக நகையை அடகு வைப்பதும், மாதத் தவணையில் கடன் எடுப்பதும் வேண்டாம். ஊரிலிருக்கும் பெற்றோரின் மருந்துச் செலவும், பிள்ளைகளின் கல்விக் கட்டணமும், கர்த்தருக்கு உரியதும் முதலில் ஒதுக்கப்படட்டும். மீதியில் இந்த வருஷம் முடியாவிட்டால் அடுத்த வருஷம் போகலாம். தீவு இருந்த இடத்திலேயே இருக்கும்.

எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது

துபாய், இஸ்தான்புல், ரோம் போன்ற நகரங்களில் விமானம் மாறி மால்டா சேரலாம். தங்குவதற்கு, இரவுக் கேளிக்கைகளுக்குப் பேர்போன பாச்சேவில் பகுதியைத் தவிர்த்து, செயின்ட் பால்ஸ் பே கடற்கரையை ஒட்டிய புஜிபாவிலோ கவ்ராவிலோ சமையலறை உள்ள வீடு எடுப்பது குடும்பத்துக்கு வசதி. அரிசியும் பருப்பும் கிடைக்கும். பாலாடைக்கட்டியோ பட்டாணியோ வைத்த பஸ்தீட்சி, நம் பேக்கரி பப்ஸை நினைவூட்டும் மலிவான பலகாரம். மின்செருகி பிரிட்டிஷ் முறையில் மூன்று தடித்த சதுர முனைகள் கொண்டது. அதற்கான மாற்றி ஒன்றை மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்துகள் தீவெங்கும் ஓடுவதால் கார் அவசியமில்லை.

தலைநகரமாகிய வலெட்டா, 1565ஆம் ஆண்டின் துருக்கியர் முற்றுகைக்குப்பின், 1566ல் அஸ்திபாரமிடப்பட்ட கோட்டை நகரம். தெருக்களில் படிக்கட்டுகள் அதிகம். மூட்டுவலியுள்ள பெரியவர்களை அழைத்துச் சென்றால், துறைமுகத்திலிருந்து மேல் பரக்கா பூங்காவுக்கு ஏற 58 மீட்டர் உயரமுள்ள மின்தூக்கி உண்டு. ரபாத் ஊரில் பவுல் தங்கியதாகப் பாரம்பரியம் சொல்லும் குகையையும், முற்காலக் கிறிஸ்தவர்களின் நிலத்தடிக் கல்லறைகளையும் பாருங்கள். அடுத்துள்ள மதீனா நகரின் பேராலயம் இருக்கும் இடத்தில்தான் புபிலியுவின் வீடு இருந்தது என்பார்கள். மோஸ்தா ஊரின் பெரிய கோபுர ஆலயத்தில் 1942 ஏப்ரல் 9 அன்று, ஜனங்கள் உள்ளே கூடியிருக்கையில், விமானம் போட்ட குண்டு கூரையைத் துளைத்து விழுந்தும் வெடிக்கவில்லை. இந்தச் சம்பவத்தைப் பிள்ளைகளுக்கு அங்கேயே நின்று சொல்லுங்கள்.

கோசோவுக்குப் படகில் ஏறக்குறைய 25 நிமிடம். அங்குள்ள ககாந்தியா கற்கோயில்கள் எகிப்தின் பிரமிடுகளுக்கும் முற்பட்டவை. பழைய படங்களில் காணும் நீலச் சாளரம் என்னும் இயற்கைக் கல்வளைவைத் தேடாதேயுங்கள். அது 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது. கொமினோவின் நீலக் கடற்கழிக்கு 2025 முதல் முன்பதிவு வேண்டும். ஹால் சஃப்லியேனி நிலத்தடிக் கோயிலுக்குள் ஒரு மணிக்குப் பத்துப்பேரைத்தான் விடுகிறார்கள். பல வாரங்களுக்கு முன்பே சீட்டு வாங்காவிட்டால் இடம் கிடைப்பது அரிது; ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை.

மால்டா கத்தோலிக்க நாடு. ஆலயங்களில் சொரூபங்களையும், பவுலினுடையது என்று சொல்லப்படும் எலும்பையும் வைத்திருப்பார்கள். நாம் அவற்றை வணங்குகிறவர்கள் அல்ல. ஆயினும் தோளும் முழங்காலும் மூடிய உடையோடு அமைதியாய்ப் பார்த்து வருவதே ஒழுங்கு. பிறர் ஜெபிக்கும் இடத்தில் தர்க்கம் பண்ணாதேயுங்கள்.

அந்தக் கரையில் நிற்கும்போது

ஒரு மாலைப்பொழுதைச் செயின்ட் பால்ஸ் பேயில் செலவிடுங்கள். வளைகுடாவின் முகப்பில், பவுலின் சிலை நிற்கும் சிறு தீவு தெரியும். கப்பல் மோதிய துல்லியமான இடம் எது என்பதில் வல்லுநர்களுக்குள் வேறுபாடு உண்டு. ஸ்காட்லாந்து தேசத்துப் படகோட்டியான ஜேம்ஸ் ஸ்மித் 1844–45 குளிர்காலத்தை மால்டாவில் கழித்து, 1848ல் இதைக் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். புயலில் அகப்பட்ட அக்காலக் கப்பல் ஒன்று மணிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கடல்மைல் வீதம் அடித்துச் செல்லப்படும் என்று கணக்கிட்டால், கிரேத்தாவின் அருகிலுள்ள கிலவுதா தீவிலிருந்து மால்டாவை அடையப் பதின்மூன்று நாளுக்குச் சற்று மேல் ஆகும் என்று காட்டினார். லூக்கா எழுதியது பதினான்காம் இராத்திரி. பவுலோடு தாமும் அலைந்த ஒருவர் எழுதிய விவரம் அது என்பதை உங்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல இதைவிட நல்ல இடம் இல்லை.

அந்த மூலபாஷையில் இரண்டு வார்த்தைகளைக் கவனியுங்கள். தீவாரைக் குறிக்க லூக்கா பயன்படுத்திய சொல் பார்பரோய், அதாவது கிரேக்கம் பேசாதவர்கள். அவர்கள் காட்டிய தயவைக் குறிக்கும் சொல் பிலாந்த்ரோபியா, அதாவது மனுஷநேசம். படித்த உலகம் அந்நியர் என்று தள்ளிய ஜனங்களிடத்தில் லூக்கா மனுஷநேசத்தைக் கண்டார். நனைந்து நடுங்கி ஏறிவந்த 276 பேரில் கைதிகளும் இருந்தார்கள். யார் குற்றவாளி, யார் உத்தமன் என்று விசாரித்துவிட்டு அவர்கள் நெருப்பு மூட்டவில்லை. அதிலும் ஒருவன் கையில் பாம்பு கவ்வியபோது, இவன் கொலைபாதகன் என்று எண்ணினார்கள். அப்படி எண்ணியும் அவனை நெருப்பண்டையிலிருந்து துரத்தியதாக வேதத்தில் இல்லை.

இதே கடலின் இன்றைய நிலையும் உங்களுக்குத் தெரியவேண்டும். 2013 அக்டோபர் 11 அன்று, சிரியா நாட்டு அகதிகளை ஏற்றிய படகு ஒன்று மால்டாவின் மீட்புப் பொறுப்பிலுள்ள கடற்பகுதியில் கவிழ்ந்தது. அவர்கள் உதவி கேட்டுத் தொலைபேசியில் கதறினார்கள். ஆனால் யார் காப்பாற்றுவது என்று இத்தாலிக்கும் மால்டாவுக்கும் இடையே முடிவாகாமல் மணிக்கணக்கில் நேரம் கடந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் அநேகர் சிறு பிள்ளைகள். அந்தச் சிறு தேசத்தை மட்டும் குற்றப்படுத்தி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் நகரங்களிலும் அந்நியரைக் காப்பது யார் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டே கதவுகள் சாத்தப்படுகின்றன.

மால்டாவில் நீங்கள் காணப்போகும் இந்திய முகங்கள் எல்லாம் சுற்றுலா வந்தவை அல்ல. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், அங்கு வாழும் வெளிநாட்டாரில் இந்தியர் பெரிய கூட்டங்களில் ஒன்றாய் இருந்தார்கள். மருத்துவமனையில் பணிசெய்கிறவர்கள், உணவுப்பொதி கொண்டுபோகும் வாலிபர்கள், கட்டடத் தொழிலாளர்கள் என அநேகர் உண்டு. பேருந்தில் நம் தேசத்து வாலிபன் ஒருவனைக் கண்டால், முகம் திருப்பிக்கொள்ளாமல், "சாப்பிட்டாயா தம்பி?" என்று விசாரியுங்கள். முடிந்தால் ஒருவேளை உங்கள் வாடகை வீட்டுக்கு அழைத்துச் சோறிடுங்கள். அவனுக்கு அது மறக்கமுடியாத விருந்தாகும்.

நம்மில் அநேகர் ஒரு தகரப்பெட்டியோடு பெரிய நகரத்து ரயில் நிலையத்தில் வந்து இறங்கியவர்கள், அல்லது அப்படி இறங்கியவர்களின் பிள்ளைகள். பாஷை தெரியாத அந்த முதல் வாரத்தில் யாரோ ஒருவர் படுக்க இடம் கொடுத்தார். யாரோ ஒரு தாயார் சோறு போட்டார். அவர்கள் எல்லாரும் நம் சபையார் அல்ல, எல்லாரும் நம் பாஷைக்காரரும் அல்ல. மால்டாக் கரையில் நிற்கும்போது அவர்களின் பெயர்களை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உயிரோடிருப்பவர்களுக்கு அங்கிருந்தே ஒரு தபாலட்டை எழுதுங்கள்.

திரும்பி வந்தபின், உங்கள் தெருவில் புதிதாய்க் குடிவந்திருக்கும் வேற்றுமாநிலக் குடும்பத்தின் கதவைத் தட்டிப் பாருங்கள். விமானச் சீட்டும் விசாவும் இல்லாமலே செய்யக்கூடியது அது. இந்த வருஷம் மால்டாவுக்குப் போக வசதிப்படாதவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.