மாடிப்படிக்குக் கீழே முப்பத்தாறு லீற்றர்

கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கதவு இருக்கிறது. திறந்தால், ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத ஓர் இடம். வாக்குவம் கிளீனர், இரண்டு சூட்கேஸ், கிங்ஸ்பரி றோட் கடையில் வாங்கிய அரிசிப் பை, கம்பி முறிந்த குடைகள். 2025 மே மாதத்தில் என் மகன் அந்த இடத்தைத் துப்புரவாக்கித் தருவதாகச் சொன்னான். அவனுக்குப் பதினைந்து வயது. தானாக முன்வந்து அவன் துப்புரவாக்கக் கேட்டது அதுவே முதல் தடவை.

ஏப்ரல் 28ஆம் திகதி ஸ்பெயினும் போர்த்துக்கலும் மின்சாரம் இல்லாமல் நின்றதை அவன் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு முந்திய குளிர்காலத்தில் எங்கள் தெருவிலும் ஓர் இரவு நாலு மணித்தியாலம் மின்சாரம் இல்லை. எங்களுடையது மின்சார அடுப்பு. பாணும் ஜாமும் சாப்பிட்டுவிட்டு, அம்மா கோட்டைப் போட்டபடி கதிரையில் இருந்தா. அது அவனுக்கு மறக்கவில்லை.

பிரித்தானிய அரசாங்கம் 2024 மே மாதத்தில் மக்களுக்காக வெளியிட்ட பட்டியலை அவன் எங்களுக்கு வாசித்துக் காட்டினான். ரோச் லைற், பற்றரி, கையால் சுற்றி இயக்கும் றேடியோ, முதலுதவிப் பெட்டி, சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு, ரின் வெட்டி, குடிதண்ணீர். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக விடாத சாமான்களில் பற்றரியும் ஒன்று.

"சுத்துற றேடியோவாம். நாங்கள் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, மிதிச்சுச் செய்தி கேட்டனாங்கள்" என்றா.

மகன் முதலில் கவனித்தது சாப்பாட்டை. உயிர்காப்புப் படகுகளில் வைக்கும் உணவுக் கட்டிகளில் இரண்டு பொதி வாங்கியிருந்தான். ஒரு பொதி அரைக் கிலோ, செங்கல்லில் பாதியளவு. கடலில் ஓடும் கப்பல்களின் உயிர்காப்புப் படகில் ஆளுக்குக் குறைந்தது 10,000 கிலோ ஜூல் உணவு இருக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. கிட்டத்தட்ட 2,400 கலோரி. அவ்வளவும் அந்தச் சின்னப் பொதிக்குள் அடங்கிவிடுகிறது. உறை பிரியாவிட்டால் ஐந்து வருடம் இருக்கும். நாலு பேருக்கு மூன்று நாள், பன்னிரண்டு பொதி, ஆறு கிலோ. ஒரு பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துத் தூக்கலாம்.

ஒன்றைப் பிரித்து எல்லோரும் ருசி பார்த்தோம். கோதுமை மா, கொழுப்பு, சீனி. வாயில் வைத்ததும் உதிர்ந்தது.

"உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. ஆருக்கு இது?" என்று அம்மா கேட்டா.

"கப்பல் தாண்ட ஆக்களுக்கு, அம்மம்மா."

உப்பு ஏன் இல்லை என்பதை அவன் விளங்கப்படுத்தினான். உப்பையும், புரதம் கூடிய சாப்பாட்டின் கழிவையும் சிறுநீரில் வெளியேற்ற உடம்பு தண்ணீரைச் செலவழிக்கும். படகில் இருப்பவனுக்குப் பசியைவிடத் தாகம்தான் எமன். ஆகவே தாகம் எடுக்காத சாப்பாடாகப் பார்த்துச் செய்கிறார்கள். அம்மா தலையாட்டினா. பிறகு, "அது எங்களுக்குத் தெரியும்" என்றா. அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அம்மாவிடமும் ஒரு பட்டியல் இருந்தது. புழுக்கொடியல், ஒடியல் மா, பனாட்டு, எள்ளுருண்டை, வறுத்த அரிசிமா, கருவாடு. இவற்றில் பல ஊரில் பானைக்குள் மாதக்கணக்காகக் கிடந்தவை. கொம்பியூட்டரில் கட்டம் கீறி ஒவ்வொன்றையும் மகன் சோதித்தான். நெருப்பு வேண்டுமா? தண்ணீர் வேண்டுமா? தாகம் எடுக்குமா? ஒடியல் மாவைக் கூழாகக் காய்ச்ச இரண்டும் வேண்டும். கருவாடு உப்பு. புழுக்கொடியல் எல்லாவற்றிலும் தேறியது. ஆனால் அதைக் கடிக்க அம்மாவுக்குப் பல் இல்லை. எள்ளுருண்டையும் அரிசிமாவும் தப்பின. அரிசிமாவைத் தேங்காய்ப்பூ இல்லாமலும் சீனியோடு பிசைந்து விழுங்கலாம். தொண்டையில் ஒட்டும், அவ்வளவுதான்.

அந்தக் கட்டியிலும் ஒரு குறை இருந்தது. அம்மாவுக்கு இருபது வருடமாகச் சீனி வருத்தம். மூன்று நாளும் சீனியும் மாவும் மட்டும் கொடுக்க முடியாது. அதனால் ஆறு பொதியோடு நிறுத்திக்கொண்டோம். மற்றதற்கு ரின்மீன், ரின்னில் அடைத்த கொண்டைக்கடலை, உப்பில்லாத கச்சான், கிறீம் கிறேக்கர். எல்லாம் நாங்கள் வழமையாகச் சாப்பிடுகிறவை. திகதி முடிய முதல் எடுத்துச் சமைத்துவிட்டுப் புதிதை வைக்கலாம். அம்மாவின் குளிசைகளில் ஒரு கிழமைக்கானதையும் எழுதிக்கொண்டோம். ரின் வெட்டி இரண்டு.

கடைசியாகத் தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டரை முதல் மூன்று லீற்றர் என்று அரசாங்கப் பட்டியல் சொல்கிறது. சமையலுக்கும் கழுவுதலுக்கும் சேர்த்தென்றால் பத்து. மூன்று என்றே வைத்தோம். நாலு பேர், மூன்று நாள், முப்பத்தாறு லீற்றர், முப்பத்தாறு கிலோ. சாப்பாட்டை அமத்திச் சின்னதாக்கலாம். தண்ணீரை ஒன்றும் செய்ய முடியாது. கடையிலிருந்து மூன்று கட்டுகளையும் கொண்டுவந்து இறக்க எனக்கு நாரி பிடித்துவிட்டது.

மகன் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா தடியை ஊன்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றா.

"எத்தினை பேருக்குத் தம்பி?"

"நாலு பேருக்கு. மூண்டு நாள்."

"கேக்கிற ஆக்களுக்கு?"

"ஆர் கேக்கிறது, அம்மம்மா?"

"ஆரெண்டு தெரியாது. கேப்பினம்."

அவனுக்குச் சொன்னாலும் என்னைத்தான் பார்த்தா.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி எனக்குப் பதினேழு வயது. வலிகாமத்தை விட்டு வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கொக்குவிலில் எங்கள் வீட்டில் அரை மணித்தியாலத்தில் எல்லாம் கட்டினோம். அப்பா காணி உறுதியையும் அடையாள அட்டைகளையும் எடுத்தார். அம்மா வறுத்த அரிசிமா, சீனி, பனங்கட்டிக் குட்டான், உப்புப் போட்டு வறுத்த கடலை எல்லாம் எடுத்தா. மூன்று நாளைக்குக் காணும் சாப்பாடு. தண்ணீர் ஒரு போத்தல், கொதித்து ஆறியது. போகிற வழியில் கிணறு இல்லாத ஊரா என்று நினைத்திருப்பா. ஆச்சியைச் சைக்கிள் கரியரில் இருத்தி அப்பா உருட்டினார்.

செம்மணி கடந்து நாவற்குழிப் பாலத்துக்குப் போகும் அந்த ஒற்றை வீதியில் இலட்சக்கணக்கான சனம். ஓர் அடி வைத்தால் பத்து நிமிடம் நிற்கவேண்டும். இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், ஒரு மிடறு குடிக்க முடியாது. கடலையைத் தின்ற என் தம்பி தண்ணீர் கேட்டு அழத் தொடங்கினான். அவனுக்கு மூடியில் ஊற்றிக் கொடுத்தோம். மிச்சம் ஆச்சிக்கு, நெஞ்சு வருத்தக் குளிசை விழுங்கவேண்டும்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றா. தோளில் மூன்று நாலு வயதுப் பிள்ளை, தலை தொங்கிக் கிடந்தது.

"அக்கா, பிள்ளைக்கு ஒரு மிடறு தாங்கோ."

"முடிஞ்சுது, பிள்ளை" என்றா அம்மா.

பை என் தோளில் இருந்தது. போத்தலில் பாதிக்கு மேல் இருந்தது. அது என் இடுப்பில் இடிபடுவது எனக்குத் தெரிந்தது. நானும் பேசாமல் நின்றேன். சனம் நெருக்கியதில் அந்தப் பெண் பின்னுக்குப் போய்விட்டா.

பிறகு மழை பெய்தது. சனங்கள் குடைகளைக் கவிட்டுப் பிடித்துத் தண்ணீர் ஏந்திக் குடித்தார்கள். அந்தப் பிள்ளைக்கும் கிடைத்திருக்கும். அவர்கள் கேட்டதற்கும் மழைக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று எத்தனையோ தடவை கணக்குப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை அரை மணித்தியாலம் என்று வரும், ஒரு முறை இரண்டு மணித்தியாலம் என்று வரும். விடியச் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது போத்தலில் இன்னும் நாலு விரல் அளவு தண்ணீர் மிச்சம் இருந்தது. அம்மா அதை வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டா. நான் பார்த்துக்கொண்டு நின்றதை அவவும் கண்டா. அதற்குப் பிறகு முப்பது வருடம் நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அம்மா செய்தது பிழை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆச்சிக்குக் குளிசை தேவைப்பட்டது உண்மை. ஒரு மிடறு கொடுத்திருந்தாலும் ஆச்சிக்குக் காணும் என்பதும் உண்மை.

அன்றைக்குப் பின்னேரம் திரும்பவும் கடைக்குப் போய் இன்னொரு கட்டுத் தண்ணீர் வாங்கிவந்தேன். பன்னிரண்டு லீற்றர். அது கணக்கில் வரவில்லை என்று மகன் சொன்னான். பரவாயில்லை, வையடா என்றேன். இரவு நான் கோப்பை கழுவும்போது அம்மா குசினிக்குள் வந்தா.

"அந்தப் பிள்ளைக்கு இப்ப முப்பத்திமூண்டு முப்பத்திநாலு வயசிருக்கும், என்ன?"

"ஓம், அம்மா."

வேறொன்றும் கதைக்கவில்லை. துவாயை எடுத்து, நான் கழுவிய கோப்பைகளைத் துடைத்துத் தந்தா.

பெட்டியை வருடத்துக்கு ஒரு தடவை திறந்து, திகதி முடிகிறவற்றை எடுத்துச் சாப்பிட்டுப் புதிதை வைப்பதென்று முடிவு. அதற்கு ஒக்ரோபர் 30ஆம் திகதியை அம்மா சொன்னா. மகன் அதை மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறான். மணிக்கூட்டைப் பின்னுக்கு மாற்றும் காலம், ஞாபகத்தில் நிற்கும் என்பதற்காகத்தான் அந்தத் திகதி என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். இந்த முறை பெட்டியைத் திறக்கும்போது அவனுக்குச் சொல்லவேண்டும்.