நான்காம் முறை கேட்ட செவி



நம் தென்காசிச் சீமையைச் சேர்ந்த சாம்பவர் வடகரையில் 1859ஆம் ஆண்டு பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். தஞ்சையில் சித்த மருத்துவராகப் புகழ்பெற்ற அவர், கீர்த்தனைகளை இயற்றியதோடு நில்லாமல், இசையின் சுருதிகளையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் என்று பலரும் கூறிவர, 24 என்று அவர் வாதிட்டார். 1916இல் பரோடாவில் நடந்த இசை மாநாட்டில் அதை எடுத்துரைத்தார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார்.

அவருடைய கணக்கின்படி, ஆர்மோனியத்தில் அடுத்தடுத்து வரும் இரு சுரங்களுக்கு நடுவே இன்னுமொரு சுருதி உண்டு. முதன்முறை கேட்பவருக்கு அது அபசுரமாகத் தோன்றலாம். பலநாள் கருத்தோடு கேட்டுப் பழகியவருக்கோ அதன் இனிமை விளங்கும். ஒலி மாறவில்லை, செவி மாறிற்று.

ஆயினும் பழக்கம் செவியைக் கூர்மையாக்குவதுபோல மழுங்கவும் செய்யும். ஆலயத்தின் ஒலிபெருக்கி இரைந்துகொண்டேயிருந்தால், சில ஞாயிறுகளுக்குப்பின் அந்த இரைச்சல் நமக்குக் கேட்பதேயில்லை. புதிய பெட்டி வந்ததும் அதன் தெளிவான ஒலியே அந்நியமாகத் தோன்றுகிறது. சின்னாட்களில், “பெட்டி சரியாகிவிட்டது” என்கிறோம். பெரும்பாலும் சரியானது நம் காதுதான். ஆகவே பழகியதெல்லாம் நல்லதுமன்று, பழகாததெல்லாம் தீயதுமன்று.

கீர்த்தனையா, புதிய பாடலா என்று சபையில் முதியோரும் இளையோரும் மனம் கசக்கும்போது இதை நினைவுகூருவோமாக. ஒரேமுறை கேட்டுவிட்டுத் தீர்ப்பிடுகிறோம். அடுத்தவர் நேசிக்கும் பாடலை நான்கு வாரம் கருத்தோடு கேட்டுப் பாருங்கள். அதன்பின்பும் அது உங்களுக்குப் பிடிக்காமற்போகலாம். ஆனால் அவர் எதைக் கேட்டு உருகுகிறார் என்பது ஓரளவு விளங்கும்.

சிறுவனாகிய சாமுவேலைக் கர்த்தர் அழைத்தபோது, மூன்று முறையும் ஏலியின் குரலென்றே எண்ணி ஓடினான். நான்காம் முறை அதே அழைப்புக்கு மறுமொழி கொடுத்தான். அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் முதியவரான ஏலி. விடிந்தபின், அந்தச் சிறுவன் கேட்டதை மறைக்காமல் சொல்லும்படி கேட்டுப் பெற்றவரும் அவரே. செய்தி அவருக்கு எதிரானதாயிருந்தும் பொறுமையாய்க் கேட்டார். நம் சபையிலும் மூத்தோர் கேட்கக் கற்பிக்கட்டும். இளையோர் சொல்வதை மூத்தோரும் கேட்கட்டும்.

அத்தகைய செவியைக் கர்த்தர் நம் யாவருக்கும் அருளுவாராக. ஆமென்.