உருளைக்கிழங்குக்கு ஒரு பூஞ்சை பாடிகார்டு!

ஊட்டி டூர்னா நமக்கு என்ன? போட் ஹவுஸ், தொட்டபெட்டா, வர்க்கி, ரிட்டர்ன் பஸ்ல பாட்டுக்குப் பாட்டு! அடுத்த தடவை முத்தோரை, பாலாடா பக்கமும் ஒரு ரவுண்ட் போங்க. மலைச்சரிவு முழுக்க படிப்படியா கேரட், முட்டைகோஸ், உருளைக்கிழங்கு. பார்க்க அமைதியா இருக்கிற இந்த மண்ணுக்குள்ள அறுபது வருஷத்துக்கு மேல ஒரு சண்டை நடக்குது.

வில்லன், முட்டைக்கூடு நூற்புழு. இந்தியாவுலயே முதல்முறையா 1961-ல ஊட்டியிலதான் இதைக் கண்டுபிடிச்சாங்க. வேருக்குள்ள புகுந்து சத்தை உறிஞ்சிடும். செடி குட்டையாகி, கிழங்கு சிறுத்துப் போகும். பெண் புழு செத்ததும் அதோட உடம்பே கடுகைவிடச் சின்னக் கூடா மாறிடும். உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகள்! உருளைக்கிழங்கு வேர்ல கசியற ரசாயனம் பட்டாதான் பெரும்பாலும் பொரியும். அதுவரைக்கும் இருபது வருஷம்கூட வெயிட் பண்ணும். அதனாலதான் நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போகக் கட்டுப்பாடு வந்தது.

குருணை மருந்து போடலாமே? போடலாம். ஆனா, மண்புழுவும் சேர்ந்து சாகும். மழை பெய்தா சரிவுல இறங்கி ஓடைக்கும் போகும்.

இங்கேதான் ஹீரோ என்ட்ரி! பொக்கோனியா கிளாமிடோஸ்போரியா... பேரைப் பார்த்து மிரளாதீங்க, மண்ணுல வாழற ஒரு பூஞ்சைதான். முட்டை மேல படர்ந்து, என்சைமால ஓட்டைக் கரைச்சு, குஞ்சு வெளியே வர்றதுக்குள்ள தின்னு முடிச்சுடும். இதோட தூரத்து சொந்தக்காரப் பூஞ்சை ஒண்ணு, மூணே செல்லுல வளையம் செஞ்சு வெச்சுக் காத்திருக்கும். நூற்புழு உள்ளே தலையை விட்டா, 0.1 செகண்டுல வளையம் வீங்கி இறுக்கிடும். மெக்கானிக்கல் பசங்களே, சென்சாரும் கிளாம்ப்பும் ஒரே பார்ட்டுல!

பூஞ்சையைத் தொழு உரத்துல கலந்து, நடவுக்கு முன்னாடி மண்ணுல சேர்க்கணும். ஆனா ஒரே சீசன்ல புழு ஒழியாது. 1985-ல வந்த குஃப்ரி ஸ்வர்ணா மாதிரி எதிர்ப்பு ரகம், நடுவுல கேரட், முட்டைகோஸ்னு பயிர் மாத்தறது, எல்லாம் சேர்ந்தாதான் பலன்.

சிக்கலே அங்கேதான். புழுவால இருபது வருஷம் காத்திருக்க முடியும். கடன் வாங்கி விதைச்ச விவசாயியால ஒரு சீசனுக்கு மேல முடியுமா? பூஞ்சை சாகாம, சீக்கிரமா, குறைஞ்ச விலையில அவர் கைக்குப் போய்ச் சேரணும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடறவங்க கொஞ்சம் யோசிங்களேன்!

அப்புறம் ஒரு விஷயம். அங்கே வயல்ல இறங்கினா, ஷூவைக் கழுவிட்டுக் கிளம்புங்க. ஒட்டியிருக்கிற மண்ணுல கூடும் டிக்கெட் இல்லாம ட்ராவல் பண்ணும்!